விக்டோரியாவின் விரலும் பனிக்கட்டி நீரும்

1838 ஜூன் 28 அன்று லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தில் நடந்த விக்டோரியாவின் முடிசூட்டு விழா ஏறத்தாழ ஐந்து மணி நேரம் நீண்டது. முறையான ஒத்திகை இல்லாமல் நடந்த விழா. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது மேடையிலிருந்த பெருமக்களில் பலருக்குத் தெரியவில்லை. அந்தக் குழப்பங்களுள் ஒன்று 19 வயது அரசியின் விரலிலேயே நிகழ்ந்தது.

முந்தைய அரசர் நான்காம் வில்லியமுக்காக 1831இல் செய்யப்பட்ட மோதிரம் அரசியின் மெல்லிய விரலுக்குப் பெரிது. எனவே அதே அமைப்பில், நீலக்கல்லின் மேல் செம்மணிச் சிலுவையும் சுற்றிலும் வைரங்களுமாகச் சிறிய மோதிரம் ஒன்றை ரண்டல், பிரிட்ஜ் அண்டு ரண்டல் நிறுவனத்தார் செய்தனர். கான்டர்பரி பேராயர் வில்லியம் ஹௌலி அதனை அரசியின் வலக்கை மோதிர விரலில் அழுத்தி ஏற்றினார். மோதிரம் அங்கேயே சிக்கிக்கொண்டது.

யார் பிழை? சான்றுகள் இரண்டும் ஒத்துப்போகவில்லை. பேராயர் தவறான விரலில் அணிவித்துவிட்டார் என்றும், பின்னர் பெரும் வலியோடு கழற்ற நேர்ந்தது என்றும் அரசியின் நாட்குறிப்பு கூறுகிறது. பிரிவி கவுன்சில் எழுத்தராக இருந்த சார்லஸ் கிரெவில்லின் குறிப்பு வேறு கதை சொல்கிறது: சடங்கு நூல் விதித்த விரல் மோதிர விரலே, நகை செய்தவர்கள்தாம் சுண்டு விரலுக்கு அளவெடுத்துவிட்டனர். மோதிரம் சிறியது என்று அரசி சொல்லியும் பேராயர் விடவில்லை. மற்ற மோதிரங்களைக் கழற்றிவிட்டு அரசி கையை நீட்டினார். விழா முடிந்ததும் பனிக்கட்டி இட்ட நீரில் விரலை நனைத்த பிறகே மோதிரம் வெளியே வந்தது. கிரெவில் இதனைச் சடங்கில் நேரடியாகப் பங்கேற்ற குருவான ஜான் தைன் பிரபுவின் வாய்மொழியோடு சேர்த்துப் பதிவு செய்கிறார். அரசியோ தம் வலியைக் கொண்டு குற்றவாளியைத் தீர்மானிக்கிறார். விதியைப் பொறுத்தவரை கிரெவில்லின் கூற்றே வலுவானது. வலியைப் பொறுத்தவரை அரசியின் சொல்லுக்கு மேல் சான்று தேவையில்லை.

பிழையின் வேர் எண்ணும் முறையில் இருந்திருக்கவும் கூடும். ஆங்கில வழக்கு அந்த விரலை ‘நான்காம் விரல்’ என்கிறது. கட்டைவிரலைச் சேர்த்து எண்ணினால் அது மோதிர விரல். விட்டு எண்ணினால் சுண்டு விரல். வடமொழியில் அந்த விரல் ‘அநாமிகா’, அதாவது பெயரற்றது. தமிழ் அதற்கு மோதிரத்தின் பெயரையே சூட்டியதால் இங்கே எண்ணிக்கைச் சிக்கலுக்கு இடமே இல்லை.

பனிநீர் ஏன் உதவியது? குளிரில் உலோகம் சுருங்குவதால் அன்று. தங்கத்தின் சுருக்கம் 20 பாகை செல்சியஸ் வேறுபாட்டுக்கும் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைக் கூட எட்டாது. எட்டினாலும் மோதிரம் மேலும் இறுகவே செய்யும். சுருங்குவது சதை. இறுகிய வளையம் முதலில் தடுப்பது அழுத்தம் குறைந்த சிரைகளைத்தான். தமனி வழியே குருதி உள்ளே வந்துகொண்டிருக்க, வெளியேறும் வழி அடைபடுகிறது. விரல் வீங்குகிறது; வீங்க வீங்க வளையம் மேலும் இறுகுகிறது. இழுத்துப் பிடுங்க முயல்வது இந்தச் சுழற்சியை விரைவுபடுத்தும். குளிர்ந்த நீரும், இதயத்தைவிட உயரமாகத் தூக்கிப் பிடித்த கையும் அதனைத் தளர்த்துகின்றன. அதன்பின் சோப்போ எண்ணெயோ தடவி, நேராக இழுக்காமல் மெல்லத் திருகிக் கணுவைக் கடத்த வேண்டும்.

அதுவும் பலிக்காவிடில் நூல் இருக்கிறது. நூலின் ஒரு முனையை மோதிரத்துக்கு அடியில் உள்ளங்கைப் பக்கமாக நுழைத்துவிட்டு, மறுமுனையை மோதிரத்தை ஒட்டித் தொடங்கிக் கணுவுக்கு அப்பால் வரை நெருக்கமாகச் சுற்ற வேண்டும். சதை அமுங்கும். பிறகு உள்ளங்கைப் பக்க முனையை விரல்நுனி நோக்கி இழுத்துச் சுற்றைப் பிரிக்கப் பிரிக்க, மோதிரம் ஒவ்வொரு சுற்றாக முன்னேறும். விரல் வெளுத்தோ நீலம் பாய்ந்தோ மரத்துப்போனாலும், எலும்பு முறிந்திருந்தாலும் இவ்வித்தைகளுக்கு நேரமில்லை. மருத்துவரிடம் சென்று மோதிரத்தை வெட்டிவிட வேண்டும். தோலுக்கும் வளையத்துக்கும் இடையே மெல்லிய தகட்டைச் செருகி, அதன்மேல் சிறு வட்ட வாளைச் சுழற்றுவார்கள். வெட்டிய தங்கத்தைப் பொற்கொல்லர் மீண்டும் பற்றவைத்துவிடுவார். ஆனால் அன்றே முடிசூட்டிய மோதிரத்தை அறுக்க யார் முன்வந்திருப்பார்?

இந்திய இலக்கியம் பெரிதும் பேசியது நழுவும் நகையை. சகுந்தலையின் மோதிரம் நீரில் நழுவி மீன் வயிற்றை அடைகிறது. மேகதூதத்து யட்சனின் பொற்கடகம் மெலிந்த முன்கையிலிருந்து கழன்று விழுகிறது. சங்கத் தலைவியரின் வளை நெகிழ்கிறது. இறுகும் நகை கவிஞர்களைக் கவரவில்லை. வீங்கிய விரலில் என்ன காதல்!

1902 முதல் 1953 வரை முடிசூடிய நால்வரும் நான்காம் வில்லியமின் மோதிரத்தையே அணிந்தனர். 2023 மே 6 அன்று மூன்றாம் சார்லஸ் அதனைத் தொட்டு ஏற்றுக்கொண்டதோடு சரி, அணியவில்லை. அன்று அதனை ஏந்திவந்து கொடுத்தவர் இந்திய வம்சாவளியினரான நரேந்திர படேல் பிரபு. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் பணியாற்றிய மகப்பேறு மருத்துவர். கருவுற்ற பெண்களின் விரல் வீங்கி மோதிரம் இறுகுவது அவருடைய துறையில் அன்றாடக் காட்சி.