கையெழுத்திடாத மார்ஷல்

பின்லாந்தின் தலைமைப் பொறுப்பு கார்ல் குஸ்தாவ் எமில் மன்னர்ஹைமிடம் இருமுறை வந்தது. 1918 டிசம்பரில் ஆட்சிப் பொறுப்பாளர். 1944இல் குடியரசுத் தலைவர். இரண்டும் தேர்தலில் நின்று பெற்றவை அல்ல. 1919இல் நாடாளுமன்றத்தில் நடந்த முதல் குடியரசுத் தலைவர் தேர்தலில் அவருக்கு 50 வாக்குகள். சட்ட அறிஞர் ஸ்டோல்பெரிக்கு 143.

தோல்விக்குக் காரணம் தேட வேண்டியதில்லை. ஸ்வீடிஷ் பேசும் பிரபுக் குடும்பத்தில் 1867இல் பிறந்தவர். ஏறத்தாழ 30 ஆண்டுகள் ரஷ்யப் பேரரசின் குதிரைப்படை அதிகாரி. 1918 உள்நாட்டுப் போரில் அரசுத் தரப்பான வெள்ளைப் படையை வெற்றிக்கு நடத்தினார். அதன்பின் சிறைமுகாம்களில் பசியாலும் நோயாலும் மாண்ட, தொழிலாளர் தரப்பான சிவப்புப் படையின் கைதிகள் 12,000க்கும் மேல். புகழுரைகள் விரைந்து புரட்டும் பக்கம் இது. தொழிலாளர் குடும்பங்கள் மறக்கவில்லை.

சோவியத் ஒன்றியத்துக்கு எதிரான 1939–40 குளிர்காலப் போர் அவரை எல்லாத் தரப்புக்கும் பொதுவானவராக்கியது. ஆனால் அவருடைய தலைமைப் பதவியைப் புரிந்துகொள்ள 1944 கோடைக்குத்தான் வர வேண்டும். பின்லாந்து இப்போது ஜெர்மனியின் பக்கம் நின்று மீண்டும் சோவியத்துடன் போரிட்டுக்கொண்டிருந்தது. சோவியத் படை கரேலிய நிலச்சந்தியை உடைத்து வீபுரி நகரைப் பிடித்துவிட்டது. ஜெர்மனி ஆயுதம் தரும், ஆனால் தனியே சமாதானம் பேசமாட்டோம் என்ற உறுதி வேண்டும் என்றது. குடியரசுத் தலைவர் ரியூட்டி ஜூன் 26 அன்று நாடாளுமன்றத்தைக் கேட்காமல், தம் சொந்தப் பெயரில் ஹிட்லருக்கு அந்த உறுதியைக் கடிதமாகக் கொடுத்தார். சூட்சுமம் அந்தச் சொந்தப் பெயரில்தான். மன்னர்ஹைமுக்கு இது தெரியாமல் நடந்ததன்று.

போர்முனை நிலைபெற்றதும் ரியூட்டி விலகினார். ஆகஸ்ட் 4 அன்று தனிச் சட்டம் ஒன்றின் வழியே, தேர்தலின்றி, 77 வயது மார்ஷல் குடியரசுத் தலைவரானார். அதே மாதம் வந்த ஜெர்மன் தளபதி கைட்டெலிடம், முன்னவர் கொடுத்த வாக்கு தம்மைக் கட்டுப்படுத்தாது என்றார். செப்டம்பர் 19இல் மாஸ்கோவில் போர்நிறுத்தம் கையெழுத்தானது. பெட்சாமோ பகுதி போயிற்று, 30 கோடி டாலர் இழப்பீடு, நேற்றைய ஜெர்மானியத் தோழர்களையே லாப்லாந்திலிருந்து விரட்ட வேண்டியதாயிற்று. நாடு மட்டும் கையில் எஞ்சியது. என் கணிப்பில், அவர் அமர்த்தப்பட்ட வேலை அந்த ஏழு வாரங்களிலேயே முடிந்துவிட்டது.

1946 பிப்ரவரியில் போர்ப் பொறுப்பு வழக்கில் ரியூட்டிக்குப் பத்தாண்டுச் சிறை. மன்னர்ஹைம்மீது வழக்கே இல்லை. மார்ச்சில் உடல்நலக் குறைவைக் காட்டிப் பதவி விலகினார்.