50 வயசான ரோல்ஸ் ராய்ஸை வீட்டிலேயே பராமரிக்க முடியுமா? எங்கே கை வைக்கலாம், எங்கே வைக்கவே கூடாது?

கோவை அவிநாசி சாலையில் உப்பிலிபாளையம் முதல் கோல்டுவின்ஸ் வரை செல்லும் 10.1 கி.மீ. மேம்பாலத்துக்கு 2025 அக்டோபரில் ஜி.டி.நாயுடு பெயர் சூட்டப்பட்டது. விஞ்ஞானி, தொழிலதிபர் என்றுதான் அவரைப் பெரும்பாலானோருக்குத் தெரியும். ஆனால் கொங்கு மண்டலத்தில் பழைய வண்டி பைத்தியம் பிடித்தவர்களுக்கு அவர் வேறு விதத்தில் முன்னோடி. ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, கோவையில் ஓட்டல் வேலை பார்த்துக் காசு சேர்த்து, அதே வண்டியை வாங்கி, அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றி மாட்டியவர். 1920-ல் பொள்ளாச்சி - பழனி இடையே ஒரே ஒரு பஸ்ஸோடு தொழில் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

அதே அவிநாசி சாலையில் 2015-ல் திறக்கப்பட்ட ஜீடி கார் அருங்காட்சியகம் இருக்கு. அங்கிருந்து சுமார் 50 கி.மீ. தூரத்தில் திருப்பூர். லேத் பட்டறையும் வெல்டிங் கடையும் தெருவுக்குத் தெரு இருக்கிற பகுதி என்பதால், "கழற்றிப் பார்த்தா புரிஞ்சிடும்" என்ற தைரியம் இங்கே நிறையவே உண்டு. ஜாகுவார், பென்ட்லி, ரோல்ஸ் ராய்ஸ் போன்ற பழைய பிரிட்டிஷ் சொகுசு கார்களில் அந்தத் தைரியம் பாதி இடத்தில் கைகொடுக்கும். மீதி இடத்தில் உயிருக்கே ஆபத்து.

கை வைக்கலாம்

எஸ்.யு. கார்புரேட்டர் நல்ல உதாரணம். மேலே இருக்கும் மூடியைத் திருகி எடுத்து, உள்ளே எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்கணும். அது வற்றினால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது வண்டி திணறும். பலர் இது தெரியாமல் இக்னிஷனைச் சந்தேகப்பட்டு, நல்லா இருக்கிற பிளக்கையெல்லாம் மாத்துவாங்க!

ஸ்பேனர் விஷயத்தில் கொஞ்சம் பொறுமை வேணும். 1950-களுக்கு முந்தைய பிரிட்டிஷ் வண்டிகளில் விட்வொர்த், பி.எஸ்.எஃப். அளவு நட்டுகள்தான் அதிகம். பிறகு வந்தவற்றில் யு.என்.எஃப். கையில் இருக்கிற மில்லிமீட்டர் ஸ்பேனரை வைத்து அழுத்தினால் நட்டின் முனை மழுங்கிவிடும். அப்புறம் அறுத்துத்தான் எடுக்கணும்.

அடுத்தது பேட்டரி. 1960-களின் நடுப்பகுதி வரை வந்த பல பிரிட்டிஷ் கார்களில், ஜாகுவார் மார்க் 2 உட்பட, பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைக்கப்பட்டிருக்கும். இன்றைய கார்களில் நெகட்டிவ். பழக்க தோஷத்தில் மாற்றிக் கொடுத்தால் ரேடியோ முதல் டைனமோ சர்க்யூட் வரை பாதிக்கப்படலாம்.

பெட்ரோல்தான் இப்போதைய பெரிய தலைவலி. 20% எத்தனால் கலந்த பெட்ரோலை நினைத்து இந்த கார்களின் ரப்பர் குழாய்கள் செய்யப்படவில்லை. எத்தனால் பட்டுப் பட்டு அவை ஊறி, வெடிப்பு விட்டு, சூடான இன்ஜின் மேல் கசியும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். மாசக்கணக்கில் நிறுத்தி வைத்தால் டேங்கில் துரு பிடிக்கும். எத்தனால் தாங்கும் குழாய்களாக மாற்றுவது சின்ன வேலை, சின்ன செலவு. வண்டி வாங்கியதும் முதல் வேலையாக இதைச் செய்வது நல்லது.

பிரேக்: இங்கே நிற்கணும்

ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் ஷேடோ 1965-ல் வந்தது. மற்ற கிளாசிக் ரோல்ஸ் ராய்ஸ்களை விடக் குறைந்த விலைக்குக் கிடைப்பதால் ஆர்வலர்கள் முதலில் மாட்டுவது இதில்தான். இதன் பிரேக், சாதாரண கார் பிரேக் இல்லை. இன்ஜினின் கேம்ஷாஃப்ட் இயக்கும் இரண்டு பம்புகள் திரவத்தை அழுத்தி, நைட்ரஜன் நிரப்பிய உருண்டைகளில் சேமித்து வைக்கும். அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 2,000 பவுண்டுக்கும் மேல். சாதாரண கார் டயரில் இருப்பது சுமார் 30. இன்ஜினை நிறுத்திய பிறகும் இந்த அழுத்தம் குறையாது. அதைக் காலி செய்யாமல் ஒரு பைப்பைத் திறந்தால், பீய்ச்சும் திரவம் தோலையே துளைத்துவிடும்.

ஷேடோவுக்கு ஆர்.ஆர். 363 என்ற தனி பிரேக் திரவம். பம்புகளுக்கு வழவழப்பு வேணும் என்பதால் அதில் விளக்கெண்ணெய் சேர்ந்திருக்கும். 1980-ல் வந்த சில்வர் ஸ்பிரிட்டுக்கோ மினரல் ஆயில். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை ஊற்றினால் ரப்பர் சீல்கள் கெட்டு, முழு அமைப்பையும் பிரித்துக் கட்ட வேண்டிவரும். அந்தச் செலவு காரின் விலையைத் தொட்டுவிடும். அதற்கு முன்பே நடுரோட்டில் பிரேக் போனால் செலவு பற்றிய பேச்சே இல்லை.

ஓனர் தானே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. காரைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓட்டி அணைக்கணும். பிறகு இக்னிஷனை மட்டும் ஆன் செய்து, பிரேக்கை மிதித்து மிதித்து எண்ணணும். நல்ல நிலையில் இருந்தால் பல டஜன் மிதிக்குப் பிறகுதான் எச்சரிக்கை விளக்கு எரியும். பத்துக்குள்ளேயே எரிந்தால் வண்டியை எடுக்கவே கூடாது. அதற்கு மேல் அனுபவமுள்ள ஆளின் வேலை.

பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். டிரம்மைக் கழற்றி கம்ப்ரஸர் காற்றால் ஊதுவது நம் ஊர்ப் பழக்கம். அந்தத் தூசி நுரையீரலுக்குப் போகும். ஈரத் துணியால் துடைக்கணும்.

சட்டம் என்ன சொல்லுது?

மத்திய அரசு 2021 ஜூலையில் கொண்டுவந்த விதிப்படி, 50 வருஷத்துக்கு மேற்பட்ட இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்களை விண்டேஜ் என்று பதிவு செய்யலாம். புதுப் பதிவுக்கு ரூ.20,000, மறுபதிவுக்கு ரூ.5,000. பத்து வருஷம் செல்லும். நம்பர் பிளேட்டில் மாநிலக் குறியீட்டுக்கு அடுத்து 'வி.ஏ.' வரும். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் இரண்டு விஷயம் முக்கியம். சேஸிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருந்தால் விண்டேஜ் தகுதி கிடைக்காது. "ஒரிஜினல் இன்ஜின் வேலைக்காகாது, டீசல் இன்ஜினைத் தூக்கி வச்சுக்கலாம்" என்ற பழைய பட்டறை யோசனை இங்கே செல்லாது. தினசரி கம்பெனிக்குப் போய்வரவும் ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, பெட்ரோல் போட, பராமரிப்பு வேலைக்கு மட்டும்தான் சாலை.

கடைசியாக, பட்டறைக்குப் பட்டறை துடைக்கப் பயன்படுவது திருப்பூர் பனியன் வேஸ்ட் துணிதான். பெட்ரோலும் எண்ணெயும் ஊறிய அந்தத் துணியைக் குவித்து கார் ஷெட் மூலையில் போட்டுவைக்காதீங்க. தீப்பிடிக்க ஒரு பொறி போதும். மூடியுள்ள இரும்பு டப்பாவில் போட்டு, வீட்டுக்கு வெளியே வைக்கணும்.