வீடு கட்டுவதில் காலதாமதம்: பொருளாதார விளைவுகள்

வீட்டு வேலையைத் தொடங்காமல் ஒத்திப்போடுவதும், தொடங்கியபின் இடையில் நிறுத்திவைப்பதும் இவ்விஷயத்தில் அடங்கும். முன்னதில் நஷ்டம் பெரும்பாலும் விலையேற்றத்தால் வருவது. பின்னதில் அதனோடு வட்டியும் வாடகையும் பொருட்சேதமும் சேர்ந்துகொள்வதால், அரைகுறையாக நிற்கும் வீடே அதிகச் செலவு வைப்பது.

தமிழ்நாட்டில் இத்தாமதத்தின் சரித்திரம் பெரும்பகுதி சிமெண்டின் சரித்திரமே ஆகும். 1904-இல் சென்னையில் கடற்சிப்பிகளைக் கொண்டு சிமெண்ட் செய்யத் தொடங்கிய முயற்சி நிலைபெறாது போயிற்று. பின்னர் மதுக்கரை, டால்மியாபுரம், தாழையூத்து ஆகிய இடங்களில் ஆலைகள் எழுந்தபோதிலும், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் புகுந்த விலை, விநியோகக் கட்டுப்பாடு சமாதானம் வந்த பின்னும் விலகாமல், 1956-இல் விநியோகம் அரசு வர்த்தகக் கழகத்தின் வசமாகி, 1966, 1967 ஆகிய இரண்டு ஆண்டுகள் தளர்ந்து, 1968-இல் மறுபடியும் இறுகியது. சிமெண்ட் பெர்மிட்டுக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்தவர், சுவர் எழும்பியும் தளம் போட வழியின்றி நிற்க, கொத்தனாரும் சித்தாளும் வேறு வேலையைத் தேடிப் போயினர். அவசரப்பட்டவர் கறுப்புச் சந்தையில் அதிகப்படி விலை கொடுத்தார், பொறுத்தவர் வாடகை கொடுத்தார். ஆலைகளுக்குக் கட்டுப்படியாகாத விலையை விதித்து உற்பத்தியை முடக்கிய அக்கட்டுப்பாடு பஞ்சத்துக்கு ஒரு முக்கியக் காரணம். 1982 பிப்ரவரி 28-இல் அது ஓரளவும், 1989 மார்ச் 1-இல் முழுவதும் நீங்கிற்று. 2003-இல் ஆற்று மணல் குவாரிகளை மாநில அரசே ஏற்றபின் காத்திருப்பு மணலுக்கு மாறியது எனலாம்.

சம்பிரதாயமும் தாமதத்துக்குத் துணைபோகிறது. வேலை தொடங்கப் பஞ்சாங்கங்கள் ஆண்டுக்கு எட்டு வாஸ்து நாட்களையே குறிக்கின்றன. ஆனி, புரட்டாசி, மார்கழி, பங்குனி மாதங்களில் அந்நாளே இல்லை. ஆதலால் வைகாசியைத் தவறவிட்டவர் ஆடி வரை பொறுக்க நேரிடும்.

வங்கிக் கடனில் கட்டுவோருக்கு, வேலை முடியும் வரை, கொடுக்கப்பட்ட தொகைக்கு வட்டி மட்டும் வசூலிக்கப்படுவது வழக்கம். 20 லட்சம் ரூபாய் பெற்று, ஆண்டுக்கு 9 சதவீத வட்டியில் வேலை நின்றுபோனால் மாதம் 15,000 ரூபாய் அசலில் ஒரு காசும் குறையாமல் கரைகிறது. குடியிருக்கும் வீட்டு வாடகை இதற்குப் புறம்பு. மாறும் வட்டியானால் இச்சுமை கூடவும் கூடும்: ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம் 2022 மே மாதத்துக்கும் 2023 பிப்ரவரிக்கும் இடையே 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதமாயிற்று. வருமான வரிச் சட்டமோ, கடன் வாங்கிய நிதியாண்டின் முடிவிலிருந்து ஐந்தாண்டுகளுக்குள் வீடு முடியாவிடில், சொந்தக் குடியிருப்புக்கான வட்டிக் கழிவை 2 லட்சத்திலிருந்து 30,000 ரூபாயாகக் குறைத்துவிடுகிறது. இக்கழிவும் பழைய வரிமுறையில் இருப்பவருக்கே.

பொருட்சேதம் கணக்கில் எளிதில் வராதது. மூன்று மாதம் கிடந்த சிமெண்ட் மூட்டையைச் சோதியாமல் உபயோகித்தல் தகாது. மழையில் நீட்டிக்கொண்டு நிற்கும் பில்லர் கம்பிகள் துருவேறும். கட்டி முடித்த வீட்டில் பழுது பார்த்தலை ஒத்திப்போடுவது இன்னும் விபரீதம். மொட்டைமாடித் தட்டோட்டின் இடுக்கில் இறங்கும் ஈரம் கம்பியை எட்டினால், துரு இரும்பைக் காட்டிலும் அதிக இடம் கொள்வதால் கான்கிரீட் பிளந்து உதிர, தட்டோட்டுப் பூச்சோடு முடிந்திருக்க வேண்டிய செலவு தளத்தையே இடித்துப் போடும் செலவாகிவிடும்.

தற்கால நிலை: சிமெண்டின் ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்துள்ளது. 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம், அடுக்ககம் கட்டி விற்போர் தாமதித்தால் வாங்கியவருக்கு வட்டி கிடைக்க வழிசெய்கிறது. சொந்த மனையில் மேஸ்திரியை அமர்த்திக் கட்டுவோருக்கு அது பொருந்தாது, அவர்களுக்கு 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் உண்டு.