பாப்ளர் தந்த பாடம்

நகரமன்றம் என்றதும் நமது நினைவுக்கு வருவது குப்பைத் தொட்டியும் குழாயடியும், பள்ளம் விழுந்த பாதையும், வரி கேட்டு வரும் சீட்டுந்தான். நாட்டின் வரலாற்றை மன்னர்களும் மந்திரிகளும் உருவாக்குகிறார்கள், நகரமன்றமோ தெருவிளக்கைப் பற்றிப் பேசிக் கலைகிறது என்று எண்ணிவிடுகிறோம். அந்த எண்ணம் எத்துணைப் பிழையானது என்பதைக் காட்ட, இலண்டன் மாநகரின் கிழக்குக் கோடியிலே நடந்த போர் ஒன்று உண்டு. வாளேந்தி நடத்திய போரன்று. வரவு செலவுக் கணக்கை ஏந்தி நடத்திய போர்!

பாப்ளர் என்பது அந்த வட்டாரத்தின் பெயர். கிழக்கிந்தியத் துறை, மேற்கிந்தியத் துறை எனும் பெரும் கப்பல் துறைகள் அங்கேதான் இருந்தன. கடல் கடந்து வந்த பண்டங்கள் அங்கே இறங்கின. இன்பம் மேற்கு இலண்டன் மாளிகைகளுக்குச் சென்றது, மூட்டை சுமந்த முதுகு மட்டும் பாப்ளரிலே தங்கிற்று. பார வண்டிகள் உருண்டு உருண்டு பாதைகள் பழுதாயின. பழுது பார்க்கும் செலவு யாருடையது? பாப்ளர் மக்களுடையது! தெருக்களைப் பேணும் பொறுப்பு அந்தந்த வட்டார மன்றத்துக்கு. மன்றத்தின் வருவாயோ, கட்டடங்களின் வாடகை மதிப்பின்மீது போடும் வரி. மாளிகைகள் நிறைந்த மேற்கிலே சிறு விகிதத்தில் வரி போட்டாலும் பெட்டி நிறையும். ஒண்டுக்குடித்தனங்கள் நிறைந்த பாப்ளரிலே பெருவிகிதம் போட்டாலும் பெட்டியின் அடிதான் தெரியும். வேலையற்றோருக்கான உதவியையும் அந்தந்த வட்டாரமே தர வேண்டும் என்பது அன்றைய முறை. ஏழைகளை ஏழைகளே காப்பாற்ற வேண்டுமாம்! சீமான்கள் வகுத்த சிக்கனம் அது!

1919 நவம்பர் தேர்தலிலே, மன்றத்தின் 42 இடங்களில் 39 இடங்களைத் தொழிற்கட்சி கைப்பற்றியது. ரயில்வே ஊழியரும் துறைமுகப் பாட்டாளியும் மன்ற நாற்காலியிலே அமர்ந்தனர். ஜார்ஜ் லான்ஸ்பரி மேயரானார். அவர்கள் முன் இருந்த கேள்விகள் இரண்டு: பாதையைச் செப்பனிடுவது எப்படி? பணியாளருக்குக் கூலி என்ன? முதற் கேள்விக்கு, வேலையற்றோரை அமர்த்தித் தெருக்களையும் சாக்கடைகளையும் சீர் செய்வோம் என்றனர். இரண்டாவது கேள்விக்கு 1920-இல் தந்த விடைதான் சீமான்களைச் சீறவைத்தது. வயது வந்த பணியாளருக்கு வாரத்துக்கு நான்கு பவுண்டுக்குக் குறையாத ஊதியம். ஆணுக்கும் அதுவே, பெண்ணுக்கும் அதுவே!

போருக்குப் பின் வந்த மந்தத்தால் வேலையின்மை பெருகிற்று. வேலையற்றோர்க்கு உதவவும் வேண்டும், மாநகர ஆட்சிக்கும் போலீசுக்கும் பங்குத் தொகை கட்டவும் வேண்டும். இரண்டும் இயலாதென்று கண்ட மன்றம், 1921 மார்ச்சில் அந்தப் பங்கைக் கட்ட மறுத்தது. வழக்குத் தொடுக்கப்பட்டது. ஜூலை 29-இல் உறுப்பினர்கள் ஊர்வலமாகவே உயர்நீதிமன்றம் சென்றனர். செப்டம்பரில் 30 பேர் சிறை புகுந்தனர். அவர்களில் ஐவர் பெண்கள். ஒருவர் நிறைகர்ப்பிணியாகும் நாளை எதிர்நோக்கியிருந்த நெல்லி கிரெசால். ஆடவர் பிரிக்ஸ்டன் சிறையில், மகளிர் ஹாலோவே சிறையில். ஆயினும் மன்றம் உறங்கவில்லை! மகளிரை வண்டியில் அழைத்து வரச் செய்து, பிரிக்ஸ்டன் சிறைக்குள்ளேயே மன்றக் கூட்டம் நடத்தினர். ஆறு வாரத்தில் அரசு இறங்கி வந்தது. வறியோர்க்கு உதவும் சுமையை இலண்டன் முழுவதும் பகிர்ந்துகொள்ள வழி செய்யும் சட்டம் அவ்வாண்டே நிறைவேறியது.

வரிப் போரிலே வெற்றி. ஊதியப் போரிலே?

1920-க்குப் பின் விலைவாசி இறங்கிற்று. நான்கு பவுண்டு இறங்கவில்லை. இது வரி செலுத்துவோர் பணம், பிறர் பணத்தில் வள்ளலாவது முறையா என்று கேட்டார் தணிக்கை அதிகாரி. 5,000 பவுண்டு மிகையென்று கூறி, அதை உறுப்பினர்களே தம் கையிலிருந்து கட்ட வேண்டும் என்றார். கேள்வியை நாம் ஒதுக்கிவிடவில்லை. பொதுப் பணத்துக்குப் பொறுப்பு வேண்டும். ஆனால் சட்டம் என்ன சொல்லிற்று? மன்றம் தக்கதெனக் கருதும் ஊதியத்தைத் தரலாம் என்றது. மேல் முறையீட்டு மன்றமும் அதை ஒப்பியது. 1925-இல் பிரபுக்கள் சபையின் நீதிபதிகள் ஐவரும் மாற்றித் தீர்ப்பளித்தனர். 'தக்கது' என்றால் 'நியாயமானது' என்றே பொருள் கொள்ள வேண்டுமாம். எது நியாயம்? ஆணுக்கும் பெண்ணுக்கும் சமநிலை தேடும் ஆசைக்கு உறுப்பினர்கள் இடங்கொடுத்துவிட்டனர் என்று குறை கூறினார் ஆட்கின்சன் பிரபு!

தோழர்களே, இதைத்தான் நாம் ஊன்றிப் பார்க்க வேண்டும். பெண்ணுக்குக் குறைந்த கூலி என்பதைப் பழக்கம் ஏற்படுத்திற்று. பழக்கத்துக்கு நியாயம் என்று பெயர் சூட்டிற்று நீதிபீடம். அந்தப் பழக்கத்தை மாற்ற முயன்றவரே நியாயந் தவறியவராயினர். வேதத்தைக் காட்டி மடக்கினால் நாம் எளிதில் விழித்துக்கொள்கிறோம். நடுநிலை எனும் அங்கி அணிந்து அதே பழமை வரும்போதோ, வணங்கி வழிவிட்டு விடுகிறோம்.

சிறை சென்ற மின்னி லான்ஸ்பரி, 1922 சனவரி முதல் நாள், 32 வயதிலே மறைந்தார். ஜார்ஜ் லான்ஸ்பரியின் மருமகள் அவர். சம ஊதியத்துக்கான சட்டத்தை இங்கிலாந்துப் பாராளுமன்றம் இயற்றியது 1970-இல். 1920-இல் பாப்ளர் செய்ததைச் சட்டமாக்க அரை நூற்றாண்டு பிடித்தது!

ஆகவே, நகரமன்றத்தின் கணக்கைப் பார்த்துக் கொட்டாவி விடாதீர். எந்தத் தெரு முதலில் செப்பனிடப்படுகிறது, அதைச் செப்பனிடும் கைக்கு என்ன கூலி, அந்தக் கூலிக்கான வரியைச் சுமப்பவர் யார் — இம்மூன்றையும் கேட்டுப் பாருங்கள். மேடையிலே முழங்கும் சமத்துவம் மெய்யா பொய்யா என்பதை அந்தக் கணக்குப் புத்தகம் சொல்லிவிடும்.