விதி போட்டு விளையாடியவர்கள் – 7: ஐந்தாம் அத்தியாயம் எங்கே?

ஊலிப்போ கூட்டத்துக்கு 1967இல் ஒரு புது ஆள் வந்து சேர்ந்தார் என்று சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். அவர் ஜார்ஜ் பெரெக். பகலில் மருத்துவ ஆய்வகத்தில் ஆவணங்களை அடுக்கி வைக்கும் உத்தியோகம். முதல் நாவலுக்கே 1965இல் ரெனோதோ பரிசு வாங்கியவர். இப்படிப்பட்டவருக்குக் கணிதக்காரர்களோடு உட்கார்ந்து எழுத்து விளையாட்டு ஆட வேண்டிய அவசியம் என்ன?

நார்மண்டியில், சேன் ஆற்றங்கரையில், ஆந்தே என்ற ஊரில் பழைய தண்ணீராலை ஒன்று இருக்கிறது. எழுத்தாளர்களும் சினிமாக்காரர்களும் போய்த் தங்கும் இடம். அங்கே இருந்துகொண்டு பெரெக் தனக்குத்தானே ஒரு தடை விதித்துக்கொண்டார். முழு நாவல் எழுத வேண்டும். ஏ, பி, சி, டி-க்கு அடுத்து வரும் 'இ' ஓரிடத்திலும் தலைகாட்டக் கூடாது.

நமக்கு இதில் பெரிய மலைப்பு வராது. உதடு ஒட்டும் எழுத்துகளை விலக்கி நிரோட்டக அந்தாதியே பாடியவர் சிவப்பிரகாசர். (இத்தகைய முன்னோர்களை, 'எங்களை முன்கூட்டியே காப்பியடித்தவர்கள்' என்று ஊலிப்போக்காரர்கள் கேலியாகச் சொல்வது வழக்கம். சிவப்பிரகாசர் காதில் விழாதது நல்லதுதான்.) ஆனால் பிரெஞ்சில் அதிகம் புழங்கும் எழுத்தே இந்த 'இ'. அது போனால் 'நான்' போகும், 'அவள்' போகும், 'மற்றும்' கூடப் போகும். பெண்பாற் சொற்களில் பாதிக்கு மேல் வாசலிலேயே நின்றுவிடும். இத்தனையும் இழந்து சுமார் 300 பக்கம்!

1969இல் 'காணாமற்போதல்' என்று பொருள்படும் தலைப்போடு நாவல் வந்தது. அந்தோன் வொய்ல் என்பவர் காணாமல் போகிறார். நண்பர்கள் தேடுகிறார்கள். எது இல்லை என்பதை நெருங்கியவர் ஒவ்வொருவராகச் சாகிறார். மொத்தம் 26 அத்தியாயங்கள் என்று கணக்கு. நான்குக்கு அடுத்தது ஆறு. அகரவரிசையில் 'இ' ஐந்தாவது எழுத்தல்லவா? துப்பை இவ்வளவு பச்சையாக வைத்திருந்தும், ஒரு விமர்சகர் எழுத்து இல்லாததைக் கவனிக்காமலே மதிப்புரை எழுதினார் என்று இலக்கிய வட்டாரத்தில் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

கவனித்தவர்கள் கைதட்டினார்கள். கழைக்கூத்து என்று ஒதுக்கியவர்களும் உண்டு. 1972இல் பெரெக், உயிரெழுத்துகளில் 'இ'யை மட்டும் வைத்து இன்னொரு கதை எழுதியபோது அந்த எண்ணம் உறுதிப்பட்டிருக்கும்.

ஒரு கணக்கை அவர்கள் போட்டுப் பார்க்கவில்லை. 'இ' இல்லாத பிரெஞ்சில் பாப்பா, மாமான் என்று மழலையில் கூப்பிடலாம். தந்தை, தாய், பெற்றோர், குடும்பம் என்று முறையாக எழுத வழியில்லை. ஜார்ஜ் பெரெக் என்ற பெயருக்கே நான்கு 'இ' வேண்டும்.

பெரெக்கின் பெற்றோர் போலந்திலிருந்து வந்த யூதர்கள். தந்தை பிரெஞ்சுப் படையில் சேர்ந்து 1940 ஜூனில் மாண்டார். தாயை 1943 பிப்ரவரி 11 அன்று பாரிஸ் அருகே திரான்சி முகாமிலிருந்து ஆஷ்விட்ஸுக்கு ரயிலேற்றினார்கள். ஏழு வயது நிரம்பாத பையன் அப்போது ஆல்ப்ஸ் மலையூர் ஒன்றில் உறவினர் பாதுகாப்பில் இருந்தான்.

தாய் திரும்பவில்லை. எப்போது, எப்படி இறந்தார் என்று சொல்ல ஒரு சாட்சியும் இல்லை. சடலம் இல்லாமல் இறப்புச் சான்றிதழ் எப்படித் தருவது? போர் முடிந்தபின் பிரெஞ்சு அரசு வேறொரு சான்றிதழ் எழுதி முத்திரை குத்தியது.

அதன் தலைப்பில் இருந்த சொல் என்ன?

(தொடரும்)