கறுவாத்தோட்டத்து அரங்கும் கூத்தின் பயணமும்

கலைக்கு வர்க்கமும் இல்லை, மொழியும் இல்லை என வாதிடுவோர் நம்மிடையே உளர். கலை எங்கே நிகழ்கின்றது, அவ்வாயிலுள் எவர் நுழைகின்றனர் என வினவத் தொடங்கியதும் அவ்வாதம் தளர்ந்துவிடுகின்றது. கொழும்பு கறுவாத்தோட்டத்தில் உள்ள லயனல் வென்ட் கலை நிலையத்தின் வரலாற்றை இந்நோக்கிலேயே ஈண்டு ஆராய முற்படுகின்றோம்.

வென்ட் (1900 – 1944) பறங்கியர் சமூகத்தின் வசதி மிக்க குடும்பமொன்றிற் பிறந்தவர். சட்டம் பயின்றும் இசையையும் புகைப்படக் கலையையுமே தம் வாழ்வாக்கிக் கொண்டார். இலங்கை பற்றி 1934 இல் வெளிவந்த பசில் ரைட்டின் ஆவணப் படத்தில் விவரணக் குரல் அவருடையதே. மேனாட்டுப் பியானோ இசையில் தேர்ந்த அவர், கண்டிய நடனத்தையும் போற்றி ஆதரித்தார். குடியேற்ற ஆட்சிக்கால ஓவிய மரபுக்கு எதிராக 1943 இல் எழுந்த ‘43 குழு’ அவரது முயற்சியாலேயே உருப்பெற்றது.

அவர் மறைந்தபின் நண்பர் ஹரல்ட் பீரிஸ் முதலியோரின் முயற்சியால் நினைவு நிதியம் ஏற்பட்டது. 1953 இல் நாடக அரங்கு திறக்கப்பட்டது. 1959 இல் ஓவியக் கூடமும் சேர்ந்தது. நாடகம், நடனம், இசை, ஓவியம், புகைப்படம் ஆகியவை ஒரே கூரையின் கீழ் இடம்பெற்றன. தனித்தனி வட்டங்களில் அடங்கிக் கிடந்த கலைஞர் ஒருவர் ஆக்கத்தை மற்றவர் காண வழி பிறந்தது. நகரக் கலை நிலையமொன்றின் முதற்பயன் இதுவே எனலாம்.

எனினும், தொடக்கத்தில் அவ்வாயிலைத் தமதாக்கிக் கொண்டோர் பெரும்பாலும் ஆங்கிலம் கற்ற மேட்டுக்குடியினரே. அரங்கின் திறப்பு விழாவில் மேடையேறியது, நகரத்து ஏழைகள் ஒதுங்கிய சத்திரத்தைக் களமாகக் கொண்ட மாக்சிம் கோர்க்கியின் நாடகம். ஏழைகள் மேடைக்கு வந்துவிட்டனர், இருக்கைகளுக்கு வரவில்லை.

மாற்றம் 1956 இல் நிகழ்ந்தது. அவ்வாண்டு நவம்பர் 3 ஆந் திகதி எதிரிவீர சரச்சந்திரவின் ‘மனமே’ இங்குதான் முதன்முதல் அரங்கேறிற்று. கிராமத்து நாடகம் வழியே தேடிப்பெற்ற மோடியுற்ற நடிப்பும் பாடலும் மத்தளமும் தலைநகரின் மேடையைக் கைப்பற்றின. அதற்குத் துணைநின்றவர், பல்கலைக்கழகம் அறியாத நாடகம ஆசிரியரான சாள்ஸ் சில்வா குணசிங்க குருநான்சே என்பது மறக்கற்பாலதன்று.

இங்கு ஓர் உண்மையை நாம் ஊன்றி நோக்கவேண்டும். சிங்கள நாடகமவின் வேர், கத்தோலிக்கர் வழியே கரையோரங்களிற் பரவிய தமிழ்க் கூத்திலே உள்ளது. சரச்சந்திரவே தமது ஆய்வில் இதனை எடுத்துக்காட்டியுள்ளார். சிங்களம் மட்டும் சட்டம் இரு மக்களிடையே சுவரெழுப்பிய அதே 1956 இல், தமிழ்க் கூத்தின் வழித்தோன்றலொன்று சிங்கள நாடகத்தின் மறுமலர்ச்சியாக விளங்கிற்று. சட்டம் பிரித்ததைக் கலை முன்பே இணைத்திருந்தது.

அவ்வெற்றி தமிழருக்கும் ஒரு விழிப்பாயிற்று. பேராதனையிற் சரச்சந்திரவுடன் பணியாற்றிய சு. வித்தியானந்தன், படித்தோர் இழிவாகக் கருதிய மட்டக்களப்புக் கூத்தின்பால் திரும்பினார். 1962 இல் ‘கர்ணன் போர்’ உருவாயிற்று. ‘இராவணேசன்’ முதலியன தொடர்ந்தன. தமிழிலிருந்து சிங்களத்திற்குச் சென்ற கலை, சிங்களம் தந்த உற்சாகத்தால் மீண்டும் தமிழில் தழைத்தது.

ஆயினும் ஒரு மேடை வந்தமையால் மட்டும் சமத்துவம் வந்துவிடாது. கூத்தாடும் விவசாயியும் காமன் கூத்தாடும் தோட்டத் தொழிலாளியும் விருந்தினராக அன்றி உரிமையாளராகத் தலைநகர் அரங்கினுள் நுழையும் நிலை வேண்டும். அரங்கின் வாடகையும் நுழைவுச்சீட்டின் விலையும் எவரைத் தடுக்கின்றன, எம்மொழியில் எத்துணை நாள்கள் ஒதுக்கப்படுகின்றன என்பன கலையின் வினாக்களே. எம் மாணவரை இத்தகைய நிலையங்களுக்கு அழைத்துச் செல்லும்போது, கட்டடத்தின் பொலிவை மட்டும் காட்டி அமையாது, அம்மேடைக்கு வித்தளித்த கிராமத்துக் களரியையும் நாம் காட்டுவோமாக.