அந்தமான் காய்ச்சலும் குருதி உரைத்த சான்றும்

சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறினால் ஏறத்தாழ மூன்று நாட்களில் அந்தமானை அடையலாம். வணிகத்தின் பொருட்டும் உத்தியோகத்தின் பொருட்டும் சென்று அங்கேயே குடியமர்ந்த தமிழர் பலர். அத்தீவுகளின் சரித்திரம் என்றவுடன் செல்லுலார் சிறையே நம் நினைவுக்கு வருகிறது. அச்சிறை நிலவிய காலத்திலேயே எழுதத் தொடங்கப்பெற்ற வேறொரு சரித்திரமும் உண்டு. அது ஒரு காய்ச்சலின் சரித்திரம்.

மஞ்சட்காமாலையும் சிறுநீரகக் கேடும் சேர்ந்து வரும் ஒருவகை ஜுரத்தை அடால்ஃப் வைல் என்னும் ஜெர்மானிய மருத்துவர் 1886-இல் விவரித்தார். திருகுபோற் சுருண்ட அதன் நுண்கிருமியை ஜப்பானில் இனாடா, இடோ என்னும் அறிஞர்கள் 1915-இல் கண்டனர். லெப்டோஸ்பைரா என்பது அதன் பெயர். நோயை நாம் எலிக்காய்ச்சல் என்கிறோம். எலியும் பன்றியும் கால்நடையும் கழிக்கும் சிறுநீரில் வெளிப்படும் இக்கிருமி, வயல்நீரில் உயிர்தாங்கிக் கிடந்து, உழவனின் காலிலுள்ள சிறு கீறல் வழியே உட்புகுகிறது. அந்தமானில் இந்நோய் உண்டென்பதை டெய்லர், கோயல் என்னும் இருவர் ஆராய்ந்து 1931-இலேயே விரிவாக வெளியிட்டனர். லெப்டோஸ்பைரா இனத்தில் ஒருவகைக்கு ‘அந்தமானா’ என்ற பெயரே வழங்குகிறது.

பின்னர் யுத்தம் வந்தது. 1942 முதல் 1945 வரை தீவுகள் ஜப்பானியர் வசமிருந்தன. தண்டனைக் குடியேற்றம் முடிவுற்றது. கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிகள் வடக்கு அந்தமானில் காடு திருத்தி நெல் விளைவித்தனர். மாறுதல்கள் மலிந்த அக்காலத்தில் பழைய ஆராய்ச்சியை நினைவிற் கொண்டோர் அரியராயினர் போலும்! 1988 முதல் ஆண்டுதோறும் மழைக்காலத்தின் இறுதியில் மக்கள் காய்ச்சலுற்று, இருமலில் இரத்தம் கண்டு மாண்டபோது, காரணம் அறியாமல் அதனை ‘அந்தமான் இரத்தக்கசிவுக் காய்ச்சல்’ என்றே அழைத்தனர்.

1983-இல் போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) நிறுவப்பெற்ற மண்டல மருத்துவ ஆராய்ச்சி மையம் இப்புதிரை அவிழ்த்தது. 1993-இல் திக்லிபூர் வட்டாரத்தில் நோய் பரவியபோது, நோயாளிகளின் குருதிநீரை உயிருள்ள லெப்டோஸ்பைராக்களுடன் கலந்து நுண்பெருக்கியில் நோக்கினர். பெரும்பாலோரின் குருதியில் இருந்த எதிர்ப்பொருள்கள் கிருமிகளைத் திரள் திரளாய் ஒட்டச் செய்தன. 1931-ஆம் ஆண்டின் நோயே மீண்டும் வந்திருந்தது!

எதிர்ப்பொருள் உண்மையான சாட்சியேயாயினும் தாமதித்து வரும் சாட்சி. காய்ச்சல் தொடங்கி ஏறத்தாழ ஒரு வாரம் சென்ற பின்னரே சோதனையிற் புலப்படும். ஐயமறத் துணிவதற்குச் சில நாட்கள் கழித்து இரண்டாம் முறையும் குருதி எடுத்து ஒப்பிடல் வேண்டும். முதல் வாரத்திலேயே மாண்டவனிடம் இரண்டாம் குருதி ஏது? ஆதலின், சோதனைக்குக் காத்திராமல் மருந்து தொடங்குவதே மருத்துவர் முறையாயிற்று.

சென்னையிலும் இந்நோய் நெடுங்காலம் மறைந்திருந்தது. அரசுப் பொது மருத்துவமனையில் காமாலையோடு சிறுநீர் குன்றி வந்தோரைப் பற்றி டாக்டர் முத்துசேதுபதி முதலானோர் 1991-இல் எழுதினர். இந்நோயில் செயலிழக்கும் சிறுநீரகம் பெரும்பாலும் சில வாரங்களில் தானே தேறிவிடும். அதுவரை உயிரைக் காத்தால் போதும். அந்த இடைக்காலத்தைக் கடத்துவிப்பது டயாலிசிஸ். ஹாலந்து நாட்டில் கோல்ஃப் என்னும் மருத்துவர் அமைத்த செயற்கைச் சிறுநீரகத்தால் 1945-இல் முதன்முதற் பிழைத்தவரும் இத்தகைய தற்காலிகக் கேடுற்ற ஒரு மூதாட்டியே. ஆனால் அந்தமானில் உயிரை மாய்த்தது பெரும்பாலும் நுரையீரற் கசிவு. அங்கே டயாலிசிஸ் மட்டும் போதுமானதன்று.

ஆகவே நோய் வருமுன் காக்க முடியுமா என்று அம்மையத்தார் வடக்கு அந்தமானில் 782 பேரைக்கொண்டு ஆராய்ந்து, 2000-இல் முடிவை வெளியிட்டனர். ஒரு சாராருக்கு வாரம் ஒருமுறை டாக்சிசைக்ளின் மருந்தும், மறுசாராருக்கு மருந்தற்ற போலி மாத்திரையும் அளிக்கப்பெற்றன. கிருமி புகுந்ததற்கான எதிர்ப்பொருட் சான்று இருசாராரிடமும் ஏறக்குறைய ஒத்தே இருந்தது. நோயுற்றுப் படுத்தவர் தொகையோ மருந்துண்டவரிடையே பாதிக்கும் குறைவு.